கொங்கு நாட்டில் எஞ்சின் ஆயில்

எஞ்சின் ஆயில், உள்ளெரி எஞ்சின்களில் ஒன்றோடொன்று உரசும் பாகங்களுக்கு நடுவே படலமாக நின்று தேய்மானத்தைக் குறைக்கும் மசகு எண்ணெய். வெப்பத்தைக் கடத்துவது, கரியையும் உலோகத் துகள்களையும் வடிகட்டிக்குக் கொண்டு சேர்ப்பது, துருவைத் தடுப்பது ஆகியவை அதன் மற்ற பணிகள். கொங்கு நாட்டில், குறிப்பாக அமராவதி ஆற்றையொட்டிய கொமரலிங்கம், கொழுமம், மடத்துக்குளம் வட்டாரத்தில், காருக்கு எந்த ஆயில் ஊற்றுவது என்ற கேள்விக்குப் பழக்கம் ஒரு பதிலும் காரின் கையேடு வேறொரு பதிலும் சொல்கின்றன. கெட்டியான ஆயிலே நல்ல ஆயில் என்பது பழக்கம் சொல்லும் பதில். அது அறியாமையில் பிறந்தது அல்ல. மாட்டுவண்டி அச்சு தொடங்கி அம்பாசிடர் கார் வரை அது சரியாகவே இருந்தது. பின்னர் எஞ்சின் மாறியது, பதில் மட்டும் மாறவில்லை.

வண்டி மை

கொமரலிங்கம் திருப்பூர் மாவட்டம் மடத்துக்குளம் வட்டத்தில் உள்ள பேரூராட்சி. அமராவதியின் பழைய ஆயக்கட்டுக்கு நீர் கொண்டுசெல்லும் எட்டு ராஜவாய்க்கால்களுள் ஒன்று இவ்வூரின் பெயரில் அமைந்தது. நெல், கரும்பு, தென்னை விளையும் இந்த ஆற்றுப்பகுதியில் பாரம் இழுத்தவை மாட்டுவண்டிகள். வண்டி அச்சுக்கு இடப்பட்ட மசகு 'வண்டி மை' எனப்பட்டது. வைக்கோலை எரித்த கரியை விளக்கெண்ணெயில் குழைத்து அதைத் தயாரித்தனர். மூங்கில் குழாயில் அடைத்து வண்டியின் அடியில் தொங்கவிட்டு, நெடும்பயணத்தில் இடையிடையே அச்சில் தடவினர். மை வற்றிய வண்டி ஊருக்குள் வருவது தொலைவிலேயே காதில் விழும்.

விளக்கெண்ணெய்க்கான ஆமணக்கு, கொங்கின் மானாவாரி நிலங்களிலும் மஞ்சள் வயல்களின் ஓரங்களிலும் விளைந்தது. கடலை எண்ணெயைவிட விளக்கெண்ணெய் பல மடங்கு கெட்டியானது. உலோகப் பரப்பில் ஒட்டி நிற்கும் இயல்பும் அதற்கு உண்டு. மெதுவாகச் சுழன்று பெரும் பாரம் தாங்கும் அச்சுக்கு இந்த இரண்டும்தான் தேவை. மசகு என்றால் கெட்டியாக இருக்க வேண்டும் என்ற முதல் பாடம் இங்கிருந்து வந்தது.

ஆமணக்கும் விமானமும்

சார்லஸ் வேக்ஃபீல்டு 1899-ல் லண்டனில் தொடங்கிய மசகு எண்ணெய் நிறுவனம், 1909-ல் ஆமணக்கு எண்ணெய் கலந்த ஓர் ஆயிலை 'காஸ்ட்ரால்' என்ற பெயரில் விற்கத் தொடங்கியது. ஆமணக்கின் ஆங்கிலப் பெயரான 'காஸ்டர்' என்பதிலிருந்து அமைந்த பெயர் அது. முதல் உலகப்போரில் பறந்த பல விமானங்களின் ரோட்டரி எஞ்சின்களுக்கு ஆமணக்கு எண்ணெயே ஊற்றப்பட்டது. அந்த எஞ்சின்களில் பெட்ரோலும் மசகும் ஒரே அறைக்குள் கலந்து வந்தன. பெட்ரோல் தாது எண்ணெயைக் கரைத்துவிடும், ஆமணக்கு எண்ணெயை எளிதில் கரைக்காது. எரியாமல் வெளியேறிய எண்ணெயைச் சுவாசித்த விமானிகளுக்கு வயிற்றுப்போக்கு ஏற்பட்டது தனிக்கதை. பேதிக்கு விளக்கெண்ணெய் குடித்து வளர்ந்த தலைமுறைக்கு இதில் வியப்பு இருந்திருக்காது.

ஆனால் சூட்டில் ஆமணக்கு எண்ணெய் காற்றுடன் வினைபுரிந்து பசையாகப் படியும். ஒரே ஆயிலைத் திரும்பத் திரும்பச் சுழற்றிப் பயன்படுத்தும் கார், பேருந்து எஞ்சின்களுக்கு அது ஒத்துவரவில்லை. அங்கே பெட்ரோலியத்திலிருந்து எடுத்த தாது எண்ணெயே நிலைத்தது.

பேருந்தும் ஆயில் எஞ்சினும்

ஜி.டி. நாயுடு 1920-ல் ஒரே ஒரு பேருந்துடன் பொள்ளாச்சி-பழனி தடத்தில் போக்குவரத்துத் தொழிலைத் தொடங்கினார். ஓட்டுநரும் அவரே. அந்தச் சாலை உடுமலைப்பேட்டை, மடத்துக்குளம் வழியாகச் செல்வது. கொமரலிங்கம் அதற்குச் சற்றுத் தெற்கே உள்ளது. இப்பகுதி மக்கள் மோட்டார் எஞ்சினையும் அதன் ஆயிலையும் அருகில் பார்த்தது இந்தக் காலத்தில்தான்.

அன்றைய எஞ்சின்களில் பேரிங் இடைவெளிகள் பெரியவை. ஆயில் வடிகட்டி பல வண்டிகளில் இல்லை. ஆயிலில் வேதிச் சேர்க்கைகளும் அரிது. அமெரிக்க வாகனப் பொறியாளர் சங்கமான எஸ்.ஏ.இ. 1911-ல் ஆயிலின் கெட்டித்தன்மைக்கு எண் கொடுத்து வகைப்படுத்தியது. எண் கூடினால் ஆயில் கெட்டி. குளிர்நாடுகளில் கெட்டி ஆயில் விடியற்காலையில் உறைந்து எஞ்சினைச் சுழலவிடாது என்பதால் 1933-ல் 'டபிள்யூ' குறியுடன் குளிர்கால வகைகள் சேர்க்கப்பட்டன. கொங்கு நாட்டுக்கு அந்தக் கவலை இல்லை. 30 அல்லது 40 எண் ஆயில் ஆண்டு முழுவதும் போதுமானதாக இருந்தது.

தேய்ந்த எஞ்சினில் கெட்டி ஆயில் ஊற்றினால் தட்டல் ஒலி குறையும், நீலப்புகை அடங்கும், ஆயில் குறைவதும் மட்டுப்படும். மெக்கானிக்கின் காது, கண் இரண்டும் ஒரே சாட்சி சொன்னபின் வேறு ஆராய்ச்சிக்கு இடமில்லை.

கிணற்றுமேட்டிலும் அதே அனுபவம். பைகாரா நீர்மின் நிலையம் 1932-ல் மின்சாரம் தரத் தொடங்கினாலும் எல்லாத் தோட்டங்களுக்கும் கம்பி வந்து சேரப் பல பத்தாண்டுகள் ஆயின. அதுவரை தண்ணீர் இறைத்தவை டீசலில் ஓடும் 'ஆயில் எஞ்சின்'கள். லிஸ்டர் வகை எஞ்சின் நிமிடத்துக்குச் சுமார் 650 முறை மட்டுமே சுழலும். அவ்வளவு மெதுவாகச் சுழலும் எஞ்சினில் கெட்டி ஆயில்தான் படலம் அறுந்துவிடாமல் நிற்கும்.

மணலியும் சர்வோவும்

சென்னை மணலியில் அமைந்த மெட்ராஸ் ரிஃபைனரீஸ் நிறுவனம், இந்திய அரசு, அமெரிக்காவின் அமோகோ, ஈரான் தேசிய எண்ணெய் நிறுவனம் ஆகியவற்றின் கூட்டு முயற்சியாக 1965-ல் உருவானது. 1969-ல் உற்பத்தியைத் தொடங்கியது. எரிபொருளோடு மசகு எண்ணெய்க்கான அடிப்படை எண்ணெயையும் அது தயாரித்தது. 2000-ல் சென்னை பெட்ரோலியம் கார்ப்பரேஷன் எனப் பெயர் மாறியது. இந்தியன் ஆயில் நிறுவனம் 1972-ல் 'சர்வோ' என்ற பெயரில் மசகு எண்ணெய்களை வெளியிட்டது. 1974 முதல் 1976 வரை எஸ்ஸோ, பர்மா ஷெல், கால்டெக்ஸ் ஆகியவை அரசுடைமையாயின.

அன்று சாலையில் ஓடிய கார்கள் அம்பாசிடர், ஃபியட், சென்னையை அடுத்த பெருங்களத்தூரில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு ஆகியவை. மூன்றும் 1950-களின் ஐரோப்பிய வடிவங்கள். இவற்றுக்கு ஏற்ற ஆயிலாக 20டபிள்யூ-40 வேரூன்றியது. 'பல்தர ஆயில்' என்ற இவ்வகையில் சூடானால் விரியும் பாலிமர்கள் கலந்திருக்கும். அவை சூட்டில் ஆயில் அளவுக்கு மீறி இளகாமல் தடுக்கின்றன. முதல் எண் குளிர்நிலையில் ஆயிலின் ஓட்டத்தையும், இரண்டாம் எண் எஞ்சின் சூடான பிறகு உள்ள கெட்டித்தன்மையையும் குறிக்கும். 1983 டிசம்பரில் வந்த மாருதி 800-க்கும் நம் நாட்டில் இதே ஆயில்தான் ஊற்றப்பட்டது. 'ட்வென்டி ஃபார்ட்டி' என்பது பெட்ரோல் பங்கில் ஆயிலின் இன்னொரு பெயராகவே ஆனது.

எண் குறைந்த கதை

1990-களின் தாராளமயத்துக்குப் பின் வெளிநாட்டு ஆயில் நிறுவனங்கள் வந்தன. 1998-ல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து ஹூண்டாய் சான்ட்ரோ வெளிவந்தது. பாரத் ஸ்டேஜ் எனும் மாசுக்கட்டுப்பாட்டு விதிகள் படிப்படியாக இறுகின. நான்காம் நிலை 2017 ஏப்ரலிலும் ஆறாம் நிலை 2020 ஏப்ரலிலும் நாடு முழுவதும் நடைமுறைக்கு வந்தன. புகையையும் எரிபொருள் செலவையும் ஒருசேரக் குறைக்க எஞ்சினுக்குள் உராய்வைக் குறைக்க வேண்டியிருந்தது. இடைவெளிகள் நுண்மையாயின. வால்வு திறக்கும் நேரத்தை ஓட்டத்துக்கேற்ப மாற்றும் அமைப்பும், டைமிங் செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரும் ஆயில் அழுத்தத்தில் இயங்குபவை. மெல்லிய துளைகள் வழியே ஆயில் நொடியில் பாய வேண்டும். ஆகவே 5டபிள்யூ-30, பின் 0டபிள்யூ-20, இப்போது சில கார்களுக்கு 0டபிள்யூ-16 என எண் இறங்கியது.

இந்த எண்களுக்குப் பின்னால் அளவுகள் உண்டு. 100 டிகிரி செல்சியஸில் 40 எண் ஆயிலின் பாகுநிலை 12.5 முதல் 16.3 சென்டிஸ்டோக் வரை, 30 எண் ஆயிலுக்கு 9.3 முதல் 12.5 வரை, 20 எண் ஆயிலுக்கு 6.9 முதல் 9.3 வரை. 20-க்கு வடிவமைத்த எஞ்சினில் 40 ஊற்றினால் ஏறத்தாழ இரு மடங்கு கெட்டியான திரவத்தை பம்ப் தள்ள வேண்டியிருக்கும்.

திருப்பூர் வட்டாரத்துக்கு இது புதிய பாடம் அல்ல. பனியன் துணி பின்னும் வட்டப் பின்னல் இயந்திரத்தின் ஊசிகளுக்கு 22 அல்லது 32 பாகுநிலை எண் கொண்ட, தண்ணீர்போல் ஓடும் ஊசி ஆயில்தான் விடப்படுகிறது. கெட்டி ஆயில் விட்டால் ஊசி சூடாகும், பஞ்சுத்தூசி பிடித்து அடைக்கும், துணியில் கறை போகாது. பின்னல் இயந்திரத்துக்கு மெல்லிய ஆயிலைத் தேடி வாங்கும் அதே கை, தன் புதிய காருக்கு 'சூட்டுக்கு நல்லது' என்று 20டபிள்யூ-40 கேட்பது விந்தையே.

கெட்டி ஆயிலின் தீங்கு உடனே தெரிவதில்லை. எஞ்சின் அன்றே நின்றுவிடாது. ஸ்டார்ட் செய்ததும் தலைப்பகுதிக்கு ஆயில் ஏறச் சில நொடிகள் தாமதமாகும், மைலேஜ் சற்றுக் குறையும், வால்வு அமைப்பு மந்தமாகும், செயின் ஒலி கேட்கும். ஆண்டுகள் கழித்துத் தேய்மானம் தெரியும்போது பழி ஆயில்மேல் விழாது. பழக்கம் பிழைத்திருப்பதற்கு இதுவே காரணம்.

மறுபுறத் தவறும் உண்டு. 20டபிள்யூ-40 ஊற்றச் சொல்லும் பழைய காருக்கு, விலை கூடியது நல்லது என்று 0டபிள்யூ-20 ஊற்றினால் ஆயில் அழுத்தம் குறையும், ஆயில் எரியும். கொமரலிங்கத்தின் வெயிலில் 0டபிள்யூ, 5டபிள்யூ என்ற முதல் எண்ணின் வேறுபாடு பெரிதாக உணரப்படாது. கவனிக்க வேண்டியது இரண்டாம் எண். சில கையேடுகள் வெப்பநிலைக்கேற்ப இரண்டு மூன்று தரங்களை அனுமதிக்கின்றன. வால்பாறை, கொடைக்கானல் மலைச்சாலைகளில் பாரத்துடன் அடிக்கடி ஏறும் காருக்கு அந்தப் பட்டியலில் கெட்டியானதைத் தேர்வது பொருந்தும். பட்டியலுக்கு வெளியே போவதற்கு அது அனுமதி அல்ல.

எழுத்துகள்

டப்பாவில் எண்ணுக்கு நிகராக எழுத்துகளும் முக்கியம். அமெரிக்கப் பெட்ரோலியக் கழகத்தின் ஏ.பி.ஐ. குறியில் 'எஸ்' பெட்ரோல் எஞ்சினையும் 'சி' டீசல் எஞ்சினையும் குறிக்கும். அடுத்த எழுத்து அகரவரிசையில் பின்னால் செல்லச் செல்லத் தரம் புதியது. பெட்ரோல் வகையில் எஸ்.பி. 2020-லும் எஸ்.க்யூ. 2025-லும் வந்தன. பெட்ரோல் காருக்குக் கையேடு சொல்லும் தரமோ அதற்குப் பிந்தையதோ பொருந்தும். ஆறாம் நிலை டீசல் கார்களில் கரியைப் பிடிக்கும் வடிகட்டி உள்ளது. சாம்பல் அதிகம் விடும் ஆயில் அதை நாளடைவில் அடைத்துவிடும். எனவே குறைந்த சாம்பல் கொண்ட, ஐரோப்பிய ஏ.சி.இ.ஏ. வகைப்பாட்டில் 'சி' வரிசை ஆயில்கள் அவற்றுக்குக் குறிக்கப்படுகின்றன. பைக்குகளில் கிளட்ச் ஆயிலிலேயே ஊறியிருப்பதால் அவற்றுக்கு ஜாஸோ எம்.ஏ. என்ற தனித்தரம் உண்டு. கார் ஆயிலை பைக்கில் ஊற்றினால் கிளட்ச் வழுக்கலாம்.

சிந்தெடிக் ஆயில் தாது ஆயிலைவிட நெடுநாள் தாங்கும், சூட்டில் மெதுவாகக் கெடும். எண்ணும் எழுத்தும் பொருந்தாவிட்டால் அந்தப் பெருமையால் பயனில்லை. ஜெட் விமானங்களுக்கான தொடக்ககாலச் சிந்தெடிக் மசகுகள் பல, செபாசிக் அமிலத்திலிருந்து செய்யப்பட்டவை. அந்த அமிலம் ஆமணக்கு எண்ணெயிலிருந்து எடுக்கப்படுவது. வண்டி மையின் மூலப்பொருள் இவ்வாறு வேறு வடிவில் மீண்டும் வானத்துக்குப் போனது.

போலியும் கழிவும்

பழைய ஆயிலை வடித்து நிறமேற்றி, காலி டப்பாவில் அடைத்து விற்பது நெடுநாள் சிக்கல். மசகு எண்ணெய்த் தயாரிப்பையும் விற்பனையையும் ஒழுங்குபடுத்த இந்திய அரசு 1987-ல் ஓர் ஆணை பிறப்பித்தது. மாற்றி முடித்ததும் காலி டப்பாவில் ஆணியால் துளையிட்டுத் தூக்கிப்போடும் பழக்கம் பல பட்டறைகளில் உண்டு. அது வாடிக்கையாளருக்காக அல்ல, அந்த டப்பா மீண்டும் சந்தைக்கு வராமலிருக்க.

எஞ்சினிலிருந்து இறக்கிய 'வேஸ்ட் ஆயில்' கிராமங்களில் வீணாவதில்லை. கரையான் ஏறாமலிருக்க மாட்டுக்கொட்டகைத் தூண்களிலும் கதவுகளின் அடியிலும் வேலிக்கால்களிலும் அதைப் பூசுவார்கள். அதில் எஞ்சின் தேய்மான உலோகங்களும் எரிபொருள் எச்சங்களும் இருப்பதால் அரசு விதிகள் அதை அபாயக் கழிவாக வகைப்படுத்துகின்றன. வாய்க்கால் ஓரத்தில் கொட்டப்பட்டால் அது பாசன நீரில் கலக்கும். 2024 ஏப்ரல் முதல், விற்ற ஆயிலில் ஒரு பங்கைத் திரும்பப் பெற்று மறுசுழற்சி செய்யும் பொறுப்பு தயாரிப்பாளர்களுக்கு உண்டு.