பராஷா: யூதர்களின் வாராந்திர மறைவாசிப்பு

யூதர்கள் ஒவ்வொரு வாரமும் ஜெபாலயத்தில் வாசிக்கும் தோராப் பகுதிக்குப் பராஷா என்று பெயர். மோசேயின் ஐந்து நூல்களும் சேர்ந்த தோரா, ஓராண்டு வாசிப்புக்காக 54 பகுதிகளாகப் பிரிக்கப்பட்டுள்ளது. ஒரு பகுதியின் தொடக்க வரிகளில் வரும் முக்கியச் சொல்லே அதன் பெயராகிவிடும்: பெரேஷீத், நோவா, லேக் லெக்கா. கூடாரப் பண்டிகையை அடுத்து வரும் சிம்ஹத் தோரா நாளில் உபாகமத்தின் கடைசி வரிகளை வாசித்து முடித்த கையோடு ஆதியாகமத்தின் முதல் வரியைத் தொடங்கிவிடுவார்கள். இந்த வாசிப்பையும் பண்டிகை வாசிப்புகளையும் ஒட்டிப் பேசப்படும் சிந்தனை உரை, த்வார் தோரா எனப்படும்.

இந்த மரபுக்கு வலு சேர்ப்பது அதன் கட்டாயம்தான். உரையாற்றுபவர் தனக்குப் பிடித்த பகுதியைத் தேர்ந்துகொள்ள முடியாது. ஆபிரகாமின் கதையைப் போலவே தொழுநோய் விதிகளும், ஆசரிப்புக் கூடாரத்தின் முழக்கணக்கும் முறைப்படி வந்து நிற்கும். ஊரில் கல்யாணமோ சாவோ போரோ, அந்த வாரத்துக்கு உரிய வரிகளை வைத்துத்தான் பேசியாக வேண்டும்.

முறை எப்போதும் ஒன்றாக இருந்ததில்லை. பாபிலோனிய யூதர்கள் ஓராண்டில் முடித்ததை, பண்டைய பாலஸ்தீன யூதர்கள் ஏறத்தாழ மூன்றாண்டுகளில் முடித்தார்கள். 12ஆம் நூற்றாண்டுப் பயணி தூதேலா பெஞ்சமின் எகிப்தில் இரு முறைகளும் அருகருகே இருந்ததைப் பார்த்து எழுதியிருக்கிறார். சிம்ஹத் தோரா அன்று இரு சபையாரும் கூடித் தொழுதார்களாம். பின்னர் ஓராண்டு முறையே நிலைத்தது. யூத நாட்காட்டியில் 19 ஆண்டுகளுக்கு 7 முறை ஒரு மாதம் கூடுதலாக வரும். அது வராத ஆண்டுகளில் சனிக்கிழமைகள் போதாமல் சில பகுதிகளை இரண்டிரண்டாகச் சேர்த்து வாசிக்கிறார்கள்.

வாசிப்பு நடப்பது கையால் எழுதப்பட்ட தோற்சுருளிலிருந்து. அதில் உயிர்க்குறியோ நிறுத்தக்குறியோ இராகக்குறியோ எதுவும் கிடையாது; வாசிப்பவர் எல்லாவற்றையும் முன்கூட்டியே மனத்தில் ஏற்றிக்கொண்டு வர வேண்டும். தோலில் கைபடக் கூடாது என்பதால், நுனியில் சுட்டுவிரல் வடிவம் கொண்ட கோலால் வரியைத் தொடர்ந்து போவார். பொருள் மாறும்படி ஒரு சொல் பிசகினால் சபையில் இருப்பவர்கள் அங்கேயே உரக்கத் திருத்துவார்கள். அவரும் திரும்பப் போய்ச் சரியாக வாசித்த பிறகே மேலே செல்ல முடியும். ஓய்வுநாளான சப்பாத் (சனிக்கிழமை) காலையில் ஏழு பேர் முறையே சுருளருகே அழைக்கப்படுவார்கள். அது முடிந்ததும் தீர்க்கதரிசிகளின் நூல்களிலிருந்து ஹஃப்தாரா எனப்படும் பகுதி வாசிக்கப்படும். கொச்சி யூதர்களின் ஜெபாலயங்களில் நடுவே உள்ள மேடையோடு மாடத்திலும் இன்னொரு மேடை உண்டு. சப்பாத், பண்டிகை நாட்களில் மேல்மேடையில் நின்று தோரா வாசிப்பது அவர்களின் தனி வழக்கம்.

பண்டிகைகளுக்குத் தனி நூல்கள் உண்டு. பஸ்காவுக்கு உன்னதப்பாட்டு, கூடாரப் பண்டிகைக்குப் பிரசங்கி, பூரிமுக்கு எஸ்தர். கோதுமை அறுவடைக் காலத்தில் வரும் ஷாவுவோத்துக்கு ரூத். கதிர் பொறுக்க வந்த மோவாபியப் பெண் தாவீதின் குலத்துக்கே பாட்டியான கதை. உபவாச நாளான யோம் கிப்பூர் பிற்பகலில், பசித்த வயிற்றோடு, நினிவே மனந்திரும்பிய கதையைச் சொல்லும் யோனாவின் நூலைக் கேட்கிறார்கள். எருசலேம் ஆலயம் இருமுறை இடிபட்டதை நினைக்கும் திஷா பாவ் இரவில் தரையில் அமர்ந்து புலம்பல் வாசிக்கிறார்கள். அதற்கடுத்த ஏழு சப்பாத்துகளிலும் ஹஃப்தாரா ஏசாயாவின் ஆறுதல் பகுதிகளாகவே வரும்படி அமைத்திருப்பது, துக்கத்தின் போக்கை அறிந்தவர்கள் செய்த ஏற்பாடு.

விளக்க மரபின் மையத்தில் இருப்பவர் பிரான்சின் த்ருவா நகரில் வாழ்ந்த ரஷி (1040–1105). அச்சிட்ட தேதியோடு கிடைக்கும் முதல் எபிரேய நூலே, 1475இல் இத்தாலியின் ரெஜ்ஜோவில் அச்சான அவருடைய தோரா உரைதான். நோவா தன் தலைமுறையில் நீதிமானாக இருந்தான் என்கிறது மூலம். ‘தன் தலைமுறையில்’ என்று ஏன் சொல்ல வேண்டும்? கெட்டவர் நடுவிலேயே நல்லவனாக இருந்தவன், நல்லவர் நடுவில் இன்னும் உயர்ந்திருப்பான் என்பது ஒரு கட்சி. ஆபிரகாமின் காலத்தில் பிறந்திருந்தால் ஒரு பொருட்டாகவே இருந்திருக்க மாட்டான் என்பது மறு கட்சி. ரஷி இரண்டையும் சொல்லித் தீர்ப்புச் சொல்லாமல் விட்டுவிடுகிறார். இன்றும் அந்த வாரம் வந்தால் வீட்டு மேசைகளில் இந்த வழக்கு தொடர்கிறது.

‘ரஷிக்கு இந்த வரியில் எது உறுத்தியது?’ என்று மாணவர்களைக் கேட்கப் பழக்கியவர் நெஹாமா லெய்போவிட்ஸ் (1905–1997). 1942 முதல் 1971 வரை வாராந்திரப் பகுதி பற்றிய கேள்வித்தாள்களைத் தயாரித்து அனுப்பினார். விடை எழுதி அனுப்பிய எவருக்கும், அவர் படைவீரரோ பணியாளரோ, சிவப்பு மையில் திருத்தித் திருப்பி அனுப்புவார். 1956இல் இஸ்ரேல் பரிசு பெற்றவர். கல்லறையில் பெயரோடு ‘ஆசிரியை’ என்ற ஒரு சொல் போதும் என்று கேட்டுக்கொண்டார்.

போரின் நடுவிலும் வாராந்திர உரை ஆற்றியவர் வார்சாவில் இருந்த ரபி கலோனிமஸ் கல்மான் ஷாபிரா. 1939 செப்டம்பரில் அந்நகர் மீது விழுந்த குண்டுகளில் மகனையும் மருமகளையும் இழந்தார். சில வாரங்களில் சாராளின் மரணத்தோடு தொடங்கும் பகுதி வந்தது. ஈசாக்கைப் பலியிடப் போன கதைக்கு அடுத்து அந்த மரணம் சொல்லப்படுவதால், செய்தி கேட்டே சாராளின் உயிர் பிரிந்தது என்பது பழைய விளக்கம். ஷாபிரா ஒரு படி மேலே போனார்: துயரம் அளவு மீறினால் மனிதரால் தாங்க முடியாது என்று கடவுளிடமே முறையிடத்தான் மோசே இவ்விரண்டையும் அடுத்தடுத்து வைத்தார் என்றார். 1942 கோடை வரை வாரப் பகுதிகளையும் பண்டிகைகளையும் ஒட்டி ஆற்றிய உரைகளை எழுதிப் புதைக்கக் கொடுத்தார். 1943இல் நாஜிகள் அவரைக் கொன்றார்கள். பால்கேனில் புதைந்திருந்த கையெழுத்துப்படி 1950இல் கிடைத்து, 1960இல் ‘எஷ் கோதேஷ்’ என்ற நூலாக வந்தது. வாராந்திர உரை என்ற வடிவம் எவ்வளவு பாரம் தாங்கும் என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று இல்லை.

பதின்மூன்று வயதாகும் சிறுவன் பார் மிட்ஸ்வா சடங்கில் அந்த வாரப் பகுதியைப் பற்றிப் பேசுவது பரவலான வழக்கம். 1922 மார்ச்சில் நியூயார்க்கில் ஜூடித் கப்லான் என்ற சிறுமியும் அதே போன்ற சடங்கில் தன் தந்தை ரபி மொர்தெகாய் கப்லானின் சபையில் தோராவிலிருந்து வாசித்தார். சுருளிலிருந்து அல்ல, அச்சுப் புத்தகத்திலிருந்து. சீர்திருத்த யூதச் சபைகளில் இன்று பெண்கள் சுருளிலிருந்தே வாசிக்கிறார்கள், ரபிகளாக நின்று உரையும் ஆற்றுகிறார்கள்.