குளமும் காடும்: உலர் வலயக் குளப் புனரமைப்பு பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

வன்னிப் பெருநிலத்து ஊர்ப்பெயர்களை நோக்குவோர் ஓர் உண்மையை எளிதில் உணர்வர். புளியங்குளம், பூவரசங்குளம், வேப்பங்குளம், நொச்சிமோட்டை என்றவாறு ஒரு மரத்தின் பெயரும் ஒரு நீர்நிலையின் பெயரும் இணைந்தே அங்கு ஊர்ப்பெயராயின. இவ்வழக்குத் தமிழ் வழங்கும் பகுதிக்கு மட்டும் உரியதன்று. அநுராதபுர மாவட்டத்துப் பலுகஸ்வெவ என்னும் சிங்களப் பெயரும் பாலைமரக் குளம் என்றே பொருள்படும். குளத்தையும் அதனைச் சூழ்ந்த மரங்களையும் ஒன்றாகவே கண்ட மக்கள் இட்ட பெயர்கள் இவை. ஆயின் 19ஆம் நூற்றாண்டிலே தொடங்கிய குளப் புனரமைப்பு முயற்சிகள் இவ்விரண்டையும் வெவ்வேறாகக் கருதின. அணைக்கட்டு ஒரு சட்டத்தின் கீழும் காடு மற்றொரு சட்டத்தின் கீழும் வந்தன. புனரமைக்கப்பட்ட குளங்கள் பல மீண்டும் தூர்ந்துபோனமைக்குரிய காரணங்களுள் இப்பிரிவினையும் ஒன்றென்பதை எடுத்துக்காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

உலர் வலயத்து மழையின் பெரும்பகுதி ஐப்பசி முதல் தை வரையான சில மாதங்களிலே பெய்துவிடுகின்றது. அதன்பின் நீண்ட கோடை வருகின்றது. மண்ணின் கீழே வன்பாறை அதிக ஆழமின்றிக் கிடத்தலால் நிலத்தடியிலே பெருமளவு நீர் தங்குவதற்கும் வாய்ப்பில்லை. எனவே சிறு பள்ளத்தாக்குகள்தோறும் ஒன்றன்கீழ் ஒன்றாகக் குளங்கள் அமைக்கப்பட்டன. மேற்குளத்து வயலிலிருந்து வடியும் நீர் கீழ்க்குளத்தை அடைந்து மீண்டும் பயன்படும். சிங்களத்தில் 'எல்லங்காவ' எனப்படும் இத்தொடரமைப்பைப் பேராசிரியர் மத்தும பண்டார 1985இல் வரையறுத்து விளக்கினார்.

இத்தகைய குளமொன்று அணைக்கட்டு, துருசு, வான் என்னும் மூன்றினால் மட்டும் அமைவதன்று. நீரேந்து பரப்பின் மேற்பகுதியில், காட்டினுள்ளே, வயலற்ற சிறு குளமொன்று இருக்கும். வெள்ளம் அடித்துவரும் வண்டலைத் தடுப்பதும் விலங்குகளுக்கு நீரளிப்பதுமே அதன் பணி. சிங்களக் கிராமத்தவர் இதனைக் 'குளுவெவ' என்பர். குளத்தின் அலைகரையை ஒட்டி 'கஸ்கொம்மன' எனப்படும் மரச்செறிவு உண்டு. குளம் நிரம்பும்போது நீர் அம்மரங்களின் அடிவரை ஏறும். அவை காற்றின் வேகத்தைத் தணித்து நீர் ஆவியாவதைக் குறைக்கும். அவற்றின் வேர்களிடையே மீன்கள் குஞ்சு பொரிக்கும். மரச்செறிவிற்கும் நீர்ப்பரப்பிற்கும் இடையிலுள்ள புற்றரையாகிய 'பெரஹன' எஞ்சிய வண்டலை வடித்துவிடும்.

அணைக்கட்டின் கீழே, வயலுக்கு முன்னதாக, 'கட்டக்காடுவ' என்னும் மற்றொரு காட்டுத்துண்டு விடப்பட்டது. கட்டினூடாகக் கசியும் உவர்நீர் வயலைச் சேராவண்ணம் காப்பது இதுவே. மருதும் புங்கும் இலுப்பையும் தாழையும் இங்கு வளர்ந்தன. புங்கந்தழையும் இலுப்பைத்தழையும் வயலுக்கு உரமாயின, இலுப்பை விதை எண்ணெய் தந்தது, தாழையோலை பாயாயிற்று. எனவே இக்காடு வெறுமனே விடப்பட்ட நிலமன்று. தேவைக்கேற்ப எடுத்தும், எடுத்ததை மீளவளரவிட்டும் ஊரவர் பேணிய நிலமாகும்.

இப்பேணுகை ஊர் ஒழுங்கினால் நடைபெற்றது. தத்தம் வயலின் அளவிற்கேற்பக் குளக்கட்டில் மண்வேலை செய்யும் கடமை ஒவ்வொருவருக்கும் இருந்தது. நீர் குறைந்த ஆண்டிலே, குளத்திற்கு அண்மையிலுள்ள வயற்பகுதியை மட்டும் அனைவரும் பகிர்ந்து விதைக்கும் 'பெத்ம' என்னும் முறையும் நிலவியது. எட்மண்ட் லீச் 1954இல் ஆய்வு செய்து 1961இல் நூலாக வெளியிட்ட புல்எலிய என்ற கிராமத்தின் வரலாறு, குளமும் வயலும் அமைந்த ஒழுங்கே ஊரவரின் உறவு முறைகளையும் பெரிதும் கட்டுப்படுத்தியது என்பதை உணர்த்துகின்றது. 13ஆம் நூற்றாண்டின் பின்னர்ப் பெருங்குளங்கள் பல சிதைந்தபோதும் சிறுகுளங்கள் பல நிலைத்து நின்றமைக்கு இவ்வூர் ஒழுங்கு முக்கிய காரணமாகும்.

பிரித்தானியர் ஆட்சியில் இரு மாற்றங்கள் இவ்வொழுங்கைப் பாதித்தன. கோல்புறூக் ஆணைக்குழுவின் விதப்புரைகளை அடுத்து 1832இல் இராசகாரிய முறை ஒழிக்கப்பட்டது. மக்கள் கட்டாய ஊழியத்தினின்று விடுபட்டமை வரவேற்கத்தக்கதே. ஆயினும் கூட்டு வேலைக்கு ஊரவரை அழைக்கும் அதிகாரமும் அதனோடு தளர்ந்தது. அடுத்து, 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், மறுதலை நிரூபிக்கப்படும்வரை காடுகளும் தரிசுகளும் பயிரிடப்படாத நிலங்களும் முடிக்குரியவை எனக் கொண்டது. பெருந்தோட்டங்களுக்கு நிலம் வழங்குதற்கு வாய்ப்பளித்த இச்சட்டம் உலர் வலயத்தையும் தழுவிநின்றது. ஊரவர் குளத்தின் பயனை நுகரலாம். ஆனால் அக்குளத்திற்கு நீர் தரும் காட்டின்மீது அவர்க்கு உரிமையில்லை என்ற நிலை இவ்வாறு உருவாயிற்று.

1855 முதல் 1860 வரை தேசாதிபதியாயிருந்த சேர் ஹென்றி வாட் குளங்களின் சீர்கேட்டைக் கண்டு உண்மையாகவே வருந்தியவர். அவர் காலத்தில் இயற்றப்பட்ட 1856ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் நீர்ப்பாசனம் தொடர்பான பழைய வழமைகளை மீள உயிர்ப்பிக்க முயன்றது. கிழக்கு மாகாணத்தில் இறக்காமம், அம்பாறைக் குளங்கள் திருத்தப்பட்டன. 1872 முதல் 1877 வரை ஆட்சிசெய்த சேர் வில்லியம் கிரெகரி 1873இல் வடமத்திய மாகாணத்தை உருவாக்கினார். ஊரவர் மண்வேலையைச் செய்தால் அரசாங்கம் துருசு அமைத்துக்கொடுக்கும் என்னும் அவரது திட்டம் பல சிறுகுளங்களுக்கு வாழ்வளித்தது. இம்முயற்சிகளின் பயனைக் குறைத்து மதிப்பிடுதல் நேர்மையாகாது. எனினும் உயிர்ப்பிக்கப்பட்ட வழமைகள் கட்டையும் வாய்க்காலையும் நீர்ப்பங்கீட்டையும் பற்றியவையே. மேலுள்ள காட்டைப் பேணும் வழமைக்கு அவற்றிடையே உரிய இடம் கிடைக்கவில்லை.

காட்டைப் பற்றிய கவலை வேறொரு திசையிலிருந்து எழுந்தது. இந்திய வனச் சேவையைச் சேர்ந்த வின்சென்ற் 1882இல் இலங்கைக் காடுகளை ஆராய்ந்து, சேனைச் செய்கையால் விளையும் அழிவைச் சுட்டிக்காட்டினார். 1885இல் வனக் கட்டளைச் சட்டம் வந்தது. 1900இல் நீர்ப்பாசனத் திணைக்களம் தோன்றியது. முதிரையும் பாலையும் நிறைந்த காடு மரத்தின் பெறுமதியால் அளக்கப்பட்டது. குளமோ நீர்பாயும் ஏக்கரினால் அளக்கப்பட்டது. இரண்டிற்கும் இடையிலிருந்த அலைகரை மரங்களும் புற்றரையும் எவருடைய கணக்கிலும் முதன்மை பெறவில்லை.

சுதந்திரத்தின் பின்னரும் இப்பிரிவினை நீங்கவில்லை. 1958ஆம் ஆண்டின் நெற்காணிச் சட்டம் விதானைமாரின் இடத்தில் பயிர்ச்செய்கைக் குழுக்களை ஏற்படுத்தியது. 1981இல் தொடங்கிய கிராமிய நீர்ப்பாசனப் புனரமைப்புத் திட்டமும் கட்டு, துருசு, வான் ஆகியவற்றைத் திருத்துவதையே பெரிதும் கருதியது. குடித்தொகை பெருகச் சேனை நிலங்களின் தரிசுக்காலம் குறுகியது. நீரேந்து பரப்பிலே மரங்கள் அருகின. வண்டல் குளத்தை நிரப்பியது. இழந்த கொள்ளளவை மீட்கச் சிலவிடங்களில் வான் உயர்த்தப்பட்டது. நீர் ஆழத்திற் பெருகாது அகலத்திற் பரந்தது. ஆவியாகும் நீர் மிகுந்தது. எஞ்சிய அலைகரை மரங்களும் மூழ்கி அழிந்தன. குளத்தைக் காக்கச் செய்த வேலையே குளத்தின் காவலை அழித்தது.

வன்னியில் இவ்வினா 2009இன் பின்னர் மேலும் கூர்மையடைந்தது. போர்க்காலத்தில் மக்கள் இடம்பெயர்ந்த ஊர்களில் வயல்களும் குளக்கட்டுகளும் காடாயின. மீளக்குடியேறியோர் தம் மூதாதையர் பயிரிட்ட காணிகள் சில வன எல்லைக்குள் அடக்கப்பட்டிருப்பதைக் கண்டனர். மறுபுறம், உண்மையான நீரேந்துக் காடுகள் மரம் வெட்டுவோராலும் மணல் அகழ்வோராலும் அழிவதும் நிகழ்ந்தது. குளத்தைத் திருத்தவிரும்பும் விவசாயியும் காட்டைக் காக்கவிரும்பும் அலுவலரும் எதிரெதிரே நிற்கும் இந்நிலை 1840இல் இடப்பட்ட எல்லைக்கோட்டின் நீட்சியே.

2017இல் ஐக்கிய நாடுகளின் உணவு, விவசாய நிறுவனம் உலர் வலயக் குளத்தொடர் அமைப்பை உலக முக்கியத்துவம் வாய்ந்த விவசாய மரபுரிமையாக ஏற்றது. பலுகஸ்வெவக் குளத்தொடர் அதற்கு எடுத்துக்காட்டாக விளங்கியது. பெருமைப்படுதற்குரிய செய்தியாயினும், பெருமை குளத்தில் நீரைத் தேக்காது. குளப் புனரமைப்பு அணைக்கட்டிலன்று, நீரேந்து பரப்பிலே தொடங்குதல் வேண்டும். காட்டுக்குளத்தைத் தூர்வாருதல், அலைகரையில் மருதும் பிற மரங்களும் நடுதல், புற்றரையை மீட்டல், கட்டின் கீழுள்ள காட்டை வயலாக்காது விடுதல் என்பன முடிந்தபின்னரே கட்டும் துருசும் நீடித்த பயன்தரும். இவற்றை ஆற்றும் பொறுப்பு ஊரவரிடம் ஒப்படைக்கப்படின், அப்பொறுப்பிற்கேற்ற உரிமையும் அவர்க்கு வழங்கப்படுதல் வேண்டும். உரிமையைப் பிரித்துவிட்டுக் கடமையை மட்டும் கேட்ட முயற்சிகள் தந்த பயன் யாதென்பதற்கு 1856 முதலான வரலாறு சான்று பகர்கின்றது.