இடைகழியில் ஓர் இடம்

தென்பெண்ணையாற்றங்கரைத் திருக்கோவலூர், மலையமான் மன்னர்களின் தலைநகராகச் சங்க நூல்களில் இடம்பெற்ற மூதூர். விழுப்புரத்திற்கும் திருக்கோவலூருக்கும் இடைப்பட்ட முகையூர்ப் பகுதி மக்களுக்கு அது அண்டை ஊர். 2019ஆம் ஆண்டு கள்ளக்குறிச்சி மாவட்டம் தனியே பிரிந்தபின் இரண்டிற்கும் இடையே மாவட்ட எல்லை வந்ததேயன்றி, பெண்ணைக்கரை வாழ்வில் எல்லை ஏதும் வரவில்லை. இக்கரையின் பழங்கதைகளை அடுத்தடுத்து வைத்துப் பார்க்குமிடத்து அவற்றினூடே ஒரு பொருள் ஓடுவதைக் காணலாம். ஒத்த சுவையுடையோர் கூடிப் பேசுவது எதனால் நிலைக்கிறது, எதனால் குலைகிறது என்பதே அப்பொருள்.

முதற்காட்சி மலையமான் திருமுடிக்காரியின் அவையிலே நிகழ்வது. வந்த புலவர் அனைவர்க்கும் வரையாது வழங்கிய வள்ளல் அவன். அவனிடம் கபிலர் கூறிய அறிவுரை புறநானூற்றின் 121ஆம் பாட்டாக அமைந்துள்ளது. கொடுத்தல் எளிது, வந்தவரின் தகுதியை அறிதலே அரிது, ஆகவே புலவரையெல்லாம் ஒரே பார்வையால் பார்ப்பதை விட்டுவிடுக என்பது அதன் கருத்து. மேலோட்டமாக நோக்குவார்க்கு இது சமத்துவத்திற்கு மாறானதாகத் தோன்றலாம். உண்மை அதுவன்று. எல்லார்க்கும் ஒரே பரிசு தந்து அனுப்புகிறவன் எவர் பாட்டையும் கேளாமலே இருந்துவிடக்கூடும். ஒவ்வொருவரும் என்ன சொன்னார் என்று செவிகொடுத்துக் கேட்பதே அவருக்குச் செய்யும் மரியாதை. பரிசில் பெறவந்த புலவர் புரவலனுக்கு இதை அஞ்சாது சொன்னதும், அச்சொல் அழியாது தொகைநூலில் இடம்பெற்றதும் நினைக்கத்தக்கவை.

இரண்டாவது காட்சியும் அதே காரியைப் பற்றியதே. மாறோக்கத்து நப்பசலையார் என்னும் பெண்பாற்புலவர் அவனைப் பாட வருகிறார். கபிலரோ அவனை முன்னரே பாடிவிட்டார். மாசற்ற அந்தணப் புலவன், பின்வரும் இரவலர்க்கு இடமே இல்லாதவாறு உன் புகழைப் பாடிவிட்டான் என்று 126ஆம் பாட்டில் அவர் வெளிப்படையாகவே சொல்கிறார். மேலைக்கடலில் சேரனின் மரக்கலம் ஓடிய வழியில் வேறு கலம் செல்லவியலாதது போன்றது தம் நிலை என்றும் உவமை கூறுகிறார். அதன் பின்னரும் அவர் திரும்பிப் போய்விடவில்லை. வறுமை உந்தவும் மன்னன் புகழ் இழுக்கவும் தாம் அறிந்த அளவில் பாட வந்ததாகச் சொல்லிப் பாடுகிறார். முன்னவரைக் குறைத்துத் தமக்கு இடம் தேடவில்லை, முன்னவர் பெருமையால் வாயடைத்து நிற்கவுமில்லை. ஒரே பொருளில் ஈடுபட்ட இருவருள் பின்வந்தவர் கொள்ளவேண்டிய நிலை இதுவே என்பதற்கு இதனினும் நல்ல சான்று கிடைப்பது அரிது.

பேச்சு வளர்த்த நட்பு பேச்சோடு முடிவதில்லை என்பதற்குக் கபிலர் வாழ்வே சான்று. மூவேந்தர் முற்றுகையில் பாரி மாண்டபின், அவன் மகளிர் இருவரையும் அழைத்துக்கொண்டு அவர்களுக்கு மணம் பேசக் குறுநில மன்னர்பால் அலைந்தார் அவர். இருங்கோவேள் அவர் சொல்லை இகழ்ந்தான். கழாஅத்தலையார் என்னும் புலவரை இகழ்ந்ததனால் உன் முன்னோர் ஊராகிய அரையம் கெட்டது என்பதை நினைவூட்டிக் கபிலர் அகன்றார். முதலாம் இராசராசன் காலத்துக் கல்வெட்டொன்று திருக்கோவலூர் வீரட்டானேசுவரர் கோயிலில் உள்ளது. பாரிமகளை மலையர்க்கு அளித்துவிட்டுக் கபிலர் தீப்புகுந்த செய்தியை அது கூறுகிறது. பெண்ணையாற்றின் நடுவே நிற்கும் பாறையை மக்கள் இன்றும் கபிலர் குன்று என்றே வழங்குகின்றனர். நூற்றாண்டுகள் கடந்தபின் ஒரு நட்பைக் கல்லில் எழுதிவைக்கத் தோன்றிற்று என்றால், அந்நட்பு இவ்வூர் மக்களின் நினைவில் எத்துணை ஆழமாகப் பதிந்திருந்தது என்பது விளங்கும்.

நான்காவது காட்சி முதலாழ்வார் மூவரும் சந்தித்த மழையிரவு. வைணவ குருபரம்பரை அதனை இவ்வாறு கூறும். காஞ்சியில் தோன்றிய பொய்கையார் ஒரு வீட்டின் இடைகழியில் படுத்திருந்தார். கடல்மல்லையில் தோன்றிய பூதத்தார் வந்து இடம் கேட்டார். ஒருவர் படுக்கும் இடத்தில் இருவர் அமரலாம் என்று முன்னவர் எழுந்து அமர்ந்தார். பின்னர் மயிலையில் தோன்றிய பேயார் வந்தார். இருவர் அமரும் இடத்தில் மூவர் நிற்கலாம் என்று இருவரும் எழுந்து நின்றனர். முன்பின் அறியாத மூவரும் இருளில் நின்றவாறே திருமாலின் குணங்களைப் பேசிக்கொண்டிருந்தபோது, நான்காவதாக ஒருவர் வந்து நெருக்கினார். உலகளந்தவன் ஓர் ஆளோடியில் ஒடுங்கி நின்றான் என்பது இக்கதையின் அழகு.

இதனை வரலாற்று நிகழ்ச்சி என்று நிறுவவியலாது. எனினும் பொய்கையாரின் முதல் திருவந்தாதியே கோவல் இடைகழியைக் குறிப்பிடுவதால், கதைக்கு வேர் உண்டு என்பது தெளிவு. மூவரின் அந்தாதிகளும் நூறு நூறு வெண்பாக்களால் ஆனவை. முதல்வர் உலகையே அகலாகக் கொண்டு விளக்கேற்றுகிறார். இரண்டாமவர் அன்பை அகலாக்குகிறார். மூன்றாமவர் புதிதாக விளக்கு எதுவும் ஏற்றவில்லை, கண்டேன் என்கிறார். முன்னிருவர் ஏற்றிய ஒளியில் மூன்றாமவர் கண்டார் என்றே வைணவ மரபு இதற்குப் பொருள் கூறும். உரையாடல் என்பதன் இலக்கணம் இதுதான். ஒருவர் சொன்னதை மற்றவர் மறுத்து வெல்வதன்று, அவர் விட்ட இடத்திலிருந்து தொடர்வது. அதற்கு முன்பாக, வந்தவருக்காகத் தன் உடம்பைச் சற்றே ஒடுக்கிக்கொள்வது.

இவ்வாறு திறந்து வைத்த கதவு வழியே தீயவனும் வரக்கூடும். இதை மறைக்காமல் சொல்வது சேக்கிழார் பெரியபுராணத்தில் பாடிய மெய்ப்பொருள் நாயனார் வரலாறு. அவரும் திருக்கோவலூர் மன்னரே. போரில் அவரை வெல்லமாட்டாத முத்தநாதன் சிவனடியார் வேடம் பூண்டு வந்தான். எவரிடத்தும் இல்லாத ஆகமநூல் தன்னிடம் உண்டு என்றான். மன்னர் அவனை உயர்ந்த இருக்கையில் அமர்த்தித் தாம் தரையில் அமர்ந்து கேட்கலானார். அவன் பிரித்த சுவடிக்கட்டினுள் இருந்தது ஆயுதம். குத்துண்டு வீழ்ந்த நிலையிலும், கொல்லவந்த மெய்க்காவலன் தத்தனைத் தடுத்து, வந்தவனை ஊறின்றி ஊர்க்கு அப்பால் விட்டுவரச் செய்தார் மன்னர். தத்தன் மீண்டு வந்து சொல்லும்வரை உயிரைத் தாங்கியிருந்தார் என்பர். நூலைச் சுற்றிய துணியில் கத்தியையும் சுற்றலாம் என்பதை இலக்கிய மன்றங்கள் நன்கறியும். திறனாய்வு என்ற பெயரில் பகை தீர்த்துக்கொண்டவர் எக்காலத்தும் உண்டு. அவர்களை அறிந்துகொள்ளவேண்டும், ஆனால் அவர்கள் பொருட்டுக் கதவை அடைத்துவிடலாகாது என்பதே அம்மன்னர் வரலாற்றின் உட்பொருள் எனலாம்.

இத்தனை காட்சிகளிலும் எழாத கேள்வி ஒன்று உண்டு. கதவைத் தட்டவே இயலாதவர்கள் யார்? ஊர்த் திண்ணையில் நடந்த பேச்சைச் சேரிவாழ் மக்கள் நெடுங்காலம் தெருவில் நின்றுகூடக் கேட்டிருக்கவியலாது. 1978ஆம் ஆண்டு சூலைத் திங்களில் விழுப்புரம் நகரில் நடந்த சாதி வன்முறையில் 12 தலித் மக்கள் கொல்லப்பட்டனர். கபிலர் நட்பைப் போற்றிய கல்லும், மூவர் நின்ற இடைகழியும் இருக்கும் ஊரிலிருந்து அது நெடுந்தொலைவு அன்று. இடம் கொடுத்தலைப் பாடிய மண்ணிலேயே இடம் மறுத்தலும் நிகழ்ந்தது என்பதைச் சொல்லாது விடும் வரலாறு முழுமை பெறாது.

இடைகழியை அகலப்படுத்திய முயற்சிகளும் உண்டு. 1948ஆம் ஆண்டின் சென்னைப் பொது நூலகச் சட்டம், சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். அரங்கநாதனின் இடையறா உழைப்பால் வந்தது. நூலக வாசகசாலையில் ஒரு மேசையைச் சுற்றி எவரும் அமரலாம் என்பது சட்டத்தால் வந்த உரிமை. திருநெல்வேலியில் இரசிகமணி டி. கே. சிதம்பரநாத முதலியார் இல்லத்துத் தொட்டிக்கட்டில் கூடிய வட்டத்தொட்டியோ அன்பால் அமைந்த அவை. பாடல் ஒன்றை மீண்டும் மீண்டும் சொல்லிச் சுவைப்பதும், அதையொட்டி உரையாடுவதுமே அங்கு நிகழ்ந்தவை. தொ. மு. பாஸ்கரத் தொண்டைமானும் நீதிபதி எஸ். மகராசனும் அவ்வட்டத்தில் தோய்ந்தவர்கள். டி. கே. சி. 1954இல் மறைந்தார். எனினும் அம்முற்றத்துப் பேச்சு, கேட்டவர்களின் எழுத்திலே தங்கிவிட்டது.

பத்தாண்டு நிறைவெய்தும் எந்த மன்றமும் நடத்திய கூட்டங்களையும் வெளியிட்ட நூல்களையும் கணக்கிடுவது இயல்பே. திருக்கோவலூர்க் கதை வேறொரு கணக்கையும் கேட்கிறது. பின்வந்த எத்தனை பேருக்காக முன்வந்தோர் எழுந்து அமர்ந்தனர்? அமர்ந்திருந்தோர் எத்தனை முறை எழுந்து நின்றனர்? முதலில் படுத்திருந்தவர் கதவோசை கேட்டும் கேளாதவராய் உறங்கியிருந்தால், மரபு சொல்லும் அந்த இரவில் மூன்று அந்தாதிகளும் தோன்றியிரா.