லிட்டில் மோர்ட்டன் ஹால்: ஒரு மரச்சட்ட மாளிகை வளர்ந்த விதம்

இங்கிலாந்தின் செஷையர் பகுதியில், காங்கிள்ட்டன் நகருக்கு அருகே அகழி சூழ நிற்கிறது லிட்டில் மோர்ட்டன் ஹால். அதன் சாய்ந்த சுவர்களையும் நெளிந்த கூரையையும் முதுமையின் கோலம் என்று எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். அந்தக் கோணல்களில் முக்கியமானவை, கட்டியவர்கள் நடுவழியில் எடுத்த முடிவுகளின் விளைவு என்பதே இக்கட்டுரையின் வாதம்.

சுமார் 1504-08 காலத்தில் வில்லியம் மோர்ட்டன் எழுப்பிய பெருங்கூடமே வீட்டின் மூத்த பகுதி. கூரைவரை திறந்த ஒரே அறை, நடுவில் அடுப்பு, மண் தரை. குடும்பமும் பணியாட்களும் அங்கேதான் கூடினார்கள். அவர் மகன், இன்னொரு வில்லியம், 1546-இல் மேற்குப் பகுதியை இடித்து, சமையல் முதலிய வேலைகளுக்கான அறைகளைக் கீழேயும் தனியறைகளை மேலேயும் அமைத்தார். 1559-இல் பெருங்கூடத்துக்குள் மேல்தளம் செருகப்பட்டது. முற்றத்தை நோக்கி இரண்டு பெரிய துருத்துச் சாளரங்கள் வந்தன. அவை ஒன்றையொன்று நெருக்கி, கூரை விளிம்புகள் முட்டிக்கொள்ளும்படி நிற்கின்றன. முழு வீட்டையும் முன்கூட்டி வரைந்தவர் எவரும் இப்படி வைத்திருக்க மாட்டார். எல்லோரும் கூடியிருந்த ஒரே கூடத்திலிருந்து தனித்தனி அறைகளுக்கு வாழ்க்கை நகர்ந்ததை இந்த நெருக்கடியிலேயே காணலாம்.

அச்சாளரங்களின் மேல் உரிமையாளர் பெயரோடு ரிச்சர்ட் டேல் என்ற தச்சரின் பெயரும் ஆண்டும் செதுக்கப்பட்டுள்ளன. கட்டியவர் பெயர் பெரும்பாலும் மறைந்துபோகும் காலத்தில் இது அரிய பதிவு; என்னைப் பொறுத்தவரை வீட்டின் மிக மதிப்புள்ள ஆவணமும் இதுவே.

டேல் போன்றவர்களின் தொழில்முறைதான் இத்தனை மாற்றங்களுக்கும் இடம் தந்தது. அக்காலத் தச்சர்கள் ஓக் மரத்தை உலரவிடாமல் பச்சையாகவே அறுத்து இழைத்தார்கள். உலர்ந்த ஓக் உளிக்கு எளிதில் இணங்காது. கழுந்தைத் துளையில் செருகி மர முளை அடித்து இறுக்குவார்கள். சட்டத்தைத் தரையில் கிடத்திப் பொருத்திப் பார்த்து, எண் குறியிட்டுப் பிரித்து, பிறகு நிறுத்துவார்கள். பாரத்தைச் சட்டமே தாங்கும். இடைவெளியை நிரப்பும் மண்பூச்சும் சாந்தும் வெறும் மறைப்பே. ஆகவே பழைய சட்டத்தோடு புதியதை இணைப்பது கல்கட்டடத்தில் போலக் கடினமல்ல.

அந்த எளிமையே ஆபத்தையும் கொண்டுவந்தது. சுமார் 1560-62-இல் தெற்கே வாயில் மாளிகை எழுந்தது. வேலை தொடங்கிய பின்னரே அதன் உச்சியில் 68 அடி நீள உலாக்கூடம் சேர்க்க முடிவானதாகத் தெரிகிறது. மழைநாளில் நடக்கவும் விளையாடவும் செல்வர்கள் விரும்பிய புதுமை அது. அதன் கூரையில் கனத்த கற்பலகைகளை வேய்ந்தார்கள். கீழிருந்த சட்டம் அந்தப் பாரத்தை எண்ணி அமைக்கப்பட்டதல்ல. உலர உலரப் பச்சை மரமும் சுருங்கி முறுக்கிக்கொண்டது. தெற்கு முகப்பு நெளிந்தது. சுமார் 1610-இல் தெற்குப் பகுதியோடு சேர்க்கப்பட்ட சிறு சமையலறையும் மதுவடிக்கும் கூடமும்தான் கடைசிப் பெரிய விரிவு.

இன்று புகைப்படங்களில் கண்ணைப் பறிக்கும் கருப்பு வெள்ளையும் பழையதல்ல. மரத்துக்குக் கரி எண்ணெய் பூசும் வழக்கம் 19-ஆம் நூற்றாண்டினது. அதற்கு முன் ஓக் வெள்ளிச் சாம்பல் நிறத்துக்கு முதிர, சாந்துப் பரப்புகள் காவி மஞ்சளாக இருந்தன.

இங்கிலாந்தின் உள்நாட்டுப் போரில் மன்னர் பக்கம் நின்ற மோர்ட்டன்கள் செல்வத்தை இழந்தார்கள். வீடு குத்தகை விவசாயிகளிடம் போனது. பணம் இருந்திருந்தால் 18-ஆம் நூற்றாண்டு நாகரிகப்படி செங்கல்லில் புதிது கட்டியிருப்பார்கள் என்றே கருதுகிறேன். வறுமைதான் சட்டத்தைக் காப்பாற்றியது. பின்னர் வாரிசான எலிசபெத் மோர்ட்டன் என்ற கன்னியாஸ்திரீ வீட்டின் சிற்றாலயத்தைச் செப்பனிட்டார்; உலாக்கூடத்தை எஃகுக் கம்பிகளால் பிணைத்ததும் அவராக இருக்கலாம். 1912-இல் இறந்தபோது, வீட்டை ஒருபோதும் விற்கக்கூடாது என்ற நிபந்தனையோடு உறவினரான பிஷப் சார்லஸ் ஆபிரகாமுக்கு விட்டுச் சென்றார். அவரும் அவர் மகனும் 1938-இல் அதைப் பாரம்பரியக் கட்டடங்களைப் பாதுகாக்கும் அமைப்பான நேஷனல் டிரஸ்ட்டிடம் ஒப்படைத்தனர்.