போர்க்குழலும் குறிப்பலகையும்

வள்ளுவர் வான்சிறப்பில் ஆண்ட 'துப்பாக்கி' என்னும் சொல், மழை உணவை ஆக்கித் தருதலைக் குறிப்பது. கூத்தாநல்லூரைச் சூழ்ந்த நெல்வயல்கள் அச்சொல்லுக்கு உரையாக விளங்குகின்றன. இன்று வழங்கும் 'துப்பாக்கி'யோ துருக்கி மொழிவழி வந்து அதே ஒலியில் அமர்ந்தது. உயிர் வளர்ப்பதற்கும் உயிர் மாய்ப்பதற்கும் ஒரே ஒலி பெயராயிற்று. சொல் இவ்வாறு இரு பொருள் பட நிற்பதுபோல் கருவியும் நிற்குமா? நிற்கும் என்பதற்குச் சுவீடன் நாட்டு வரலாறு சான்றாகும்.

அந்நாட்டின் எஸ்கில்ஸ்டூனா நகரில், பத்தாம் சார்லஸ் குஸ்தாவ் மன்னனின் பெயர்வழி அமைந்தது கார்ல் குஸ்தாவ் துப்பாக்கித் தொழிற்சாலை. செருமானிய மௌசர் அமைப்பில் 1896இல் ஏற்கப்பட்ட 6.5 மில்லிமீட்டர் ரைபிளை அது பெருமளவில் வடித்தது. 1814க்குப் பின் சுவீடன் எந்நாட்டின்மீதும் போர் தொடுக்காமையால், அவற்றுள் பெரும்பாலானவை களம் காணவில்லை. 1860களில் தோன்றிய தன்னார்வக் குறிசுடும் இயக்கம் அவற்றைக் கையிலெடுத்தது. 1963இல் பழைய உடற்பகுதிகளில் புதிய குழலும் நுண்துளைக் குறிநோக்கியும் பொருத்தப்பெற்று, 'சிஜி 63' என்னும் பந்தய ரைபிள் பிறந்தது. 300 மீட்டர் தொலைவிலுள்ள பலகையே அதன் பகை. இப்பழம்பொருளை வாங்குவோர் உடற்பகுதியில் பொறித்த ஆண்டு பழைய போர்த்துப்பாக்கிக்குரியது என்பதை அறிதல் வேண்டும். உடற்பகுதியின் வயதை அது காட்டும், குழலின் வயதைக் காட்டாது. மாற்றப்படாத பழைய ரைபிளாயின், கட்டையில் பதித்த பித்தளை வில்லை குழலின் தேய்மானத்தைச் சொல்லும்.

இந்தியாவில் நிகழ்ந்தது வேறு. 1878ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் உரிமமின்றிக் கருவி ஏந்தலாகாது என்றது; ஐரோப்பியருக்கு விலக்கும் அளித்தது. குறி பார்க்கும் கண்ணுக்கும் நிறம் பார்த்த சட்டம் அது. விடுதலைக்குப் பின் 1959இல் புதிய சட்டம் வந்தது. நிறவேற்றுமை நீங்கினும் உரிமம் நீங்கவில்லை. படைத்துறைக் குழலளவுகள் பொதுமக்களுக்கு விலக்கப்பட்டே இருந்தன. ஆகவே இசாப்பூர் தொழிற்சாலை, படைவீரரின் லீ என்பீல்டு அமைப்பிலேயே .315 அளவில் வேட்டை ரைபிள் செய்தது. போர்க்கருவி குடிமகன் கைக்கு வர, குழலின் அளவு மாற வேண்டியதாயிற்று.

கார்ல் குஸ்தாவின் பெயர் காவிரிக் கரைக்கும் வந்ததுண்டு. 1966இல் தோன்றிய திருச்சிராப்பள்ளிப் படைக்கலத் தொழிற்சாலையில், அப்பெயர் தாங்கிய 84 மில்லிமீட்டர் தோள்பீரங்கி செய்யப்பட்டது. ஆங்கே போர்க்கருவி விளையாட்டாயிற்று. அதே பெயர் ஈங்குப் படைக்கலமாகவே வந்தது.

ஆயினும் குறிசுடும் கலை தமிழருக்கு எட்டாததன்று. கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன், 2019இல் ரியோ டி ஜெனிரோவில் நடந்த உலகக் கோப்பைப் போட்டியில் 10 மீட்டர் காற்றுத் துப்பாக்கியில் தங்கம் வென்றார். வெடிமருந்தே இல்லாத துப்பாக்கி அது. யாரையும் வீழ்த்தாமல் வென்ற அவ்வெற்றியில், வள்ளுவர் ஆண்ட சொல்லின் பக்கம் மற்றச் சொல்லும் ஓரடி நெருங்கிற்று எனலாம்.