நரிக்குடிச் சீமையின் படைக் கணக்கு

1656இல் மைசூர்ப் படை மதுரையை நெருங்கியபோது திருமலை நாயக்கர் முதுமையில் தளர்ந்திருந்தார். உதவி கேட்டு அவர் ஆள் அனுப்பியது ராமநாதபுரம் சேதுபதிக்கு. திருமலை ரகுநாத சேதுபதி சில நாட்களுக்குள் மறவர் படையைத் திரட்டிக்கொண்டு வந்து, மைசூர்ப் படையை விரட்டியடித்தார். இருபத்தைந்தாயிரம் பேர் திரண்டு வந்ததாக வரலாற்று நூல்கள் சொல்கின்றன. அந்த உதவிக்கு ஈடாக நாயக்கர் திருப்புவனம், திருச்சுழி, பள்ளிமடம் பகுதிகளைச் சேதுபதிக்கு விட்டுக்கொடுத்தார். இன்று அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழியைத் தாண்டி நரிக்குடிக்குப் போகிறவர்கள் கடப்பது, படை கொடுத்ததற்குப் பரிசாகக் கைமாறிய மண்ணை.

இது வானம் பார்த்த பூமி. மழை தவறினால் கண்மாய் காயும், குண்டாற்றில் மணல்தான் ஓடும். பருத்தியும் மிளகாயும் சோளமும் விளைந்த ஆண்டில் சோறு, விளையாத ஆண்டில் கடன். இப்படிப்பட்ட சீமையை ஆண்ட அரசிடம் ஆயிரக்கணக்கான வீரர்களுக்கு மாதம் தவறாமல் சம்பளம் கொடுக்கப் பணம் ஏது? பிறகு எப்படி அத்தனை பேர் வேலும் வளரியுமாக வந்து நின்றார்கள்?

விடை நிலத்தில் இருக்கிறது.

சேதுபதி சீமையில் படைக்குச் சம்பளம் பெரும்பாலும் நிலமாகவே தரப்பட்டது. அமரம் என்ற பெயரில் ஒரு தலைவருக்கு ஊரோ, ஊரில் ஒரு பகுதியோ விடப்படும். அழைப்பு வரும்போது அந்த நிலத்தின் அளவுக்குத் தக்க ஆட்களை ஆயுதத்தோடு அவர் கூட்டிவர வேண்டும். அந்தத் தலைவருக்குச் சேர்வைக்காரர் என்று பெயர். அழைப்பு இல்லாத நாட்களில் அதே ஆட்கள் உழுவார்கள், கண்மாய்க்கரையில் மண் போடுவார்கள், ஆடு மேய்ப்பார்கள். 1710 வரை ஆண்ட கிழவன் சேதுபதி இந்த முறையை இறுக்கிக் கட்டினார். போகலூரிலிருந்து தலைநகரை ராமநாதபுரத்துக்கு மாற்றி, கல்லால் கோட்டைச் சுவர் எழுப்பி, சீமையை 72 படைப் பிரிவுகளாகப் பகுத்தார் என்பது அவரைப் பற்றி நிலைத்துவிட்ட செய்தி. பிரிவுக்கு எண் கிடையாது. ஊரின் பெயரும் தலைவரின் பெயருமே அதன் அடையாளம்.

இந்த அமைப்புக்கு இன்னொரு கால் காவல் முறை. ஒரு ஊரையோ பல ஊர்களையோ காக்கும் பொறுப்பு ஒரு குடும்பத்துக்கு வழிவழியாக வரும். அதற்கு விளைச்சலில் ஒரு பங்கு உண்டு. களவு போனால் காவல்காரர் பொருளை மீட்டுத் தர வேண்டும். மீட்க முடியாவிட்டால் கைப்பொறுப்பில் ஈடு கட்ட வேண்டும். ஆக, போர் வீரரும் ஊர்க்காவலரும் உழவரும் பல வீடுகளில் ஒரே ஆளாக இருந்தார்கள். சீமையின் படை தனியாக ஒரு பாசறையில் கிடக்கவில்லை. ஊர் ஊராகப் பரவிக் கிடந்தது.

1730 வாக்கில் சேதுபதி சீமை பிரிந்தது. ஐந்தில் மூன்று பங்கு ராமநாதபுரத்துக்கும் இரண்டு பங்கு சிவகங்கைக்கும் போயின. படையும் அப்படியே பிரிந்தது. சிவகங்கை அரசர் முத்துவடுகநாதரின் படையில் சேர்ந்து மேலே வந்த அண்ணன் தம்பி இருவர்தான் பின்னாளில் இந்தச் சீமையின் பெயரை லண்டன் வரை கொண்டு சென்றார்கள். பெரிய மருதுவும் சின்ன மருதுவும் பிறந்தது நரிக்குடியை அடுத்த முக்குளத்தில். நரிக்குடியில் ராமேஸ்வர யாத்திரிகர்களுக்காக அவர்கள் கட்டிய சத்திரம் அந்த உறவுக்குச் சாட்சி.

சின்ன மருதுவை நேரில் பார்த்து எழுதி வைத்தவர் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியின் படை அதிகாரியான ஜேம்ஸ் வெல்ஷ். 1795 வாக்கில் மதுரையில் பணியாற்றிய காலத்தில், ஈட்டி எறியவும் வளரி வீசவும் தனக்கு முதலில் கற்றுக்கொடுத்தவர் சின்ன மருதுதான் என்று 1830இல் வெளிவந்த தன் நினைவு நூலில் அவர் குறிப்பிடுகிறார். ஒரு முனை கனத்து, மறுமுனை மெலிந்து, பிறை போல் வளைந்த கருவி வளரி. மெலிந்த முனையைப் பிடித்துச் சுழற்றி எறிய வேண்டும். தேர்ந்த கை நூறு கஜத்துக்குள் குறி தவறாது என்கிறார் வெல்ஷ். சிறுவயலில் சின்ன மருதுவின் வீட்டுக்குக் காவலே கிடையாது, யார் வேண்டுமானாலும் போய்ப் பார்க்கலாம் என்றும் எழுதுகிறார். சில ஆண்டுகள் கழித்து, தனக்கு வளரி கற்றுக்கொடுத்தவரைப் பிடிக்க வந்த படையில் அவரும் இருந்தார்.

அந்தப் படை வேறொரு முறையில் பிறந்தது. 1746இல் பிரெஞ்சுக்காரர்களிடம் சென்னையைப் பறிகொடுத்த கம்பெனி, அடுத்த ஆண்டுகளில் ஸ்ட்ரிங்கர் லாரன்ஸின் கையில் தன் படையைச் சீரமைத்தது. 1758 டிசம்பரில், லாலியின் பிரெஞ்சுப் படை சென்னையை முற்றுகையிட வந்த நேரத்தில், சிதறிக் கிடந்த சிப்பாய்க் கம்பெனிகள் பட்டாலியன்களாக ஒழுங்கு செய்யப்பட்டன. மெட்ராஸ் ரெஜிமெண்ட் இன்றும் டிசம்பர் 4ஆம் தேதியைத் தன் பிறந்தநாளாகக் கொண்டாடுகிறது. சிவப்புச் சட்டை, ஒரே மாதிரித் துப்பாக்கி, மாதச் சம்பளம், படி. நாயக், ஹவில்தார், ஜமேதார், சுபேதார் என்ற படிநிலை. எல்லாவற்றுக்கும் மேலாக, ஒவ்வொரு பட்டாலியனுக்கும் ஓர் எண்.

இந்தப் புதிய அமைப்பின் தொடக்க காலத்தில் சிப்பாய்கள் அனைவருக்கும் தலைவராக உயர்ந்தவரும் ராமநாதபுரம் சீமைக்காரரே. பனையூரில் பிறந்த யூசுப் கான், மருதநாயகம் என்று நம் மக்கள் அறிந்தவர், சென்னை முற்றுகையின்போது வெளியே நின்று பிரெஞ்சுப் படையை அலைக்கழித்தார். பிறகு மதுரையை ஆண்டார். கம்பெனியோடும் ஆற்காட்டு நவாபோடும் முரண்பட்டு எதிர்த்து நின்றபோது, 1764 அக்டோபர் 15 அன்று மதுரையில் அவரைத் தூக்கிலிட்டார்கள்.

1772இல் கம்பெனியும் நவாபும் சேர்ந்து ராமநாதபுரத்தைப் பிடித்து, காளையார்கோவிலில் முத்துவடுகநாதரைக் கொன்றபோது இரண்டு முறைகளும் நேருக்கு நேர் மோதின. அவருடைய மனைவி வேலுநாச்சியார் விருப்பாச்சியில் தங்கி, மைசூரின் ஹைதர் அலியின் துணையோடு 1780இல் சிவகங்கையை மீட்டார். கோட்டை விழுந்து எட்டு ஆண்டுகள் ஆன பின்பும் ஒரு படையைத் திரும்பக் கூட்ட முடிந்ததற்குக் காரணம், அது கோட்டையில் இல்லாமல் ஊர்களில் இருந்ததுதான்.

கம்பெனிக்கு இது புரிய நாளாயிற்று. 1799இல் மயிலப்பன் சேர்வைக்காரர் முதுகுளத்தூர், அபிராமம், கமுதி பக்கம் மக்களைத் திரட்டி எழுந்தார். அடக்கிவிட்டோம் என்று நினைத்த நெருப்பு 1801இல் மறுபடியும் மூண்டது. பாஞ்சாலங்குறிச்சி விழுந்ததும் கட்டபொம்மனின் தம்பி ஊமைத்துரை சிவகங்கைக்கு வந்து சேர்ந்தார். ஜூன் 16 அன்று கம்பெனியை எதிர்க்க அழைக்கும் சின்ன மருதுவின் அறிக்கை திருச்சிக் கோட்டைச் சுவரில் ஒட்டப்பட்டது. கம்பெனிப் படையின் கர்னல் அக்னியூ சிறுவயலிலிருந்து காட்டை வெட்டிக் காளையார்கோவிலுக்குப் பாதை போட முயன்று, ஒரு மாதத்துக்கும் மேல் ஆட்களை இழந்து, கடைசியில் அந்த வேலையைக் கைவிட்டார். பீரங்கியாலும் கோடரியாலும் ஆகாததை அரசியல் செய்தது. செப்டம்பர் 12இல் அரச குடும்பத்தவரான படமாத்தூர் கௌரிவல்லபரைச் சிவகங்கையின் ஜமீன்தாராகக் கம்பெனி அறிவித்தது. சேர்வைக்காரர்களின் விசுவாசம் இரண்டாகப் பிளந்தது. அக்டோபர் 1இல் காளையார்கோவில் வீழ்ந்தது. அக்டோபர் 24இல் மருது சகோதரர்கள் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டார்கள். சின்ன மருதுவின் மகன் துரைசாமி உட்பட 73 பேர் 1802 பிப்ரவரியில் தூத்துக்குடியிலிருந்து கப்பலேற்றப்பட்டுப் பினாங்குத் தீவுக்கு அனுப்பப்பட்டார்கள்.

அதைவிட ஆழமாக வெட்டியது 1801 டிசம்பர் 1 தேதியிட்ட ஆளுநர் எட்வர்டு கிளைவின் பிரகடனம். பாளையங்களின் கோட்டைகளை இடிக்க வேண்டும், துப்பாக்கியும் வேலும் ஈட்டியும் வைத்திருப்பது குற்றம் என்றது அது. 1803இல் ராமநாதபுரமும் சிவகங்கையும் வரி கட்டும் ஜமீன்களாயின. காவல் உரிமை படிப்படியாக அரசின் போலீசுக்குப் போனது. அமர நிலம் வைத்திருந்தவர் இனிப் படைக்கு ஆள் தர வேண்டியதில்லை, வரியைத் தந்தால் போதும். நூற்றாண்டுகளாகப் படைத்தொழிலையும் காவலையும் நம்பிய குடும்பங்கள் தொழில் இழந்து நின்றன. அவர்களில் பலரின் வழித்தோன்றல்கள்மீதுதான் பின்னாளில் குற்றப் பரம்பரைச் சட்டம் பாய்ந்தது. 1911இல் சென்னை மாகாணத்துக்கு வந்த அந்தச் சட்டத்தின் பிடி 1947 வரை விடவில்லை. ஊரைக் காத்தவர்களின் பேரப்பிள்ளைகள் இரவில் போலீஸ் நிலையத்தில் ரேகை வைத்துவிட்டு அங்கேயே படுக்க வேண்டியிருந்தது என்பது இந்த வரலாற்றின் மிகக் கொடிய பக்கம்.

தொழில் இழந்தவர்களில் ஒரு பகுதியினர் கம்பெனிப் பட்டாலியன்களிலேயே சேர்ந்தார்கள். 23ஆம் ரெஜிமெண்டின் 2ஆம் பட்டாலியன் திருநெல்வேலிச் சீமையில் திரட்டப்பட்டது. பாளையக்காரர்களின் பழைய ஆட்கள் அதில் நிறைய இருந்தார்கள். அந்தப் பட்டாலியன் 1806இல் 1ஆம் ரெஜிமெண்டின் ஆட்களோடு வேலூர்க் கோட்டையில் இருந்தது. புதிய தலைப்பாகையை அணிய வேண்டும், நெற்றியில் குறி இடக்கூடாது, தாடியை மழிக்க வேண்டும் என்ற உத்தரவுகள் வந்தன. ஜூலை 10 அதிகாலையில் கோட்டை எழுந்தது. ஆற்காட்டிலிருந்து வந்த கில்லெஸ்பியின் குதிரைப்படை அன்று பகலுக்குள் அதை ரத்தத்தில் அடக்கியது.

தூக்கும் தோட்டாவும் போக, கம்பெனி இன்னொரு தண்டனையும் கொடுத்தது. 1, 23 என்ற ரெஜிமெண்ட் எண்களைப் பட்டியலிலிருந்தே அடித்து, அந்த இடத்தில் 24, 25 என்ற புதிய எண்களை உண்டாக்கியது. எண் அத்தனை பெரியதா என்று வெளியிலிருப்பவருக்குத் தோன்றலாம். சிப்பாய்களுக்கு அது குலப்பெயர். 1817இல் நாக்பூரை அடுத்த சீதாபல்டிக் குன்றில் தங்களைவிடப் பலமடங்கு பெரிய படையை எதிர்த்து நின்று வென்ற 24ஆம் ரெஜிமெண்டின் முதல் பட்டாலியன், பரிசாகக் கேட்டது தன் பழைய எண்ணைத்தான். கேட்டது கிடைத்தது. அந்த எண் 1, 1903இல் தலைமைத் தளபதி கிச்சனர் மாகாணப் படைகளை ஒரே வரிசையில் அடுக்கியபோது 61 ஆயிற்று. முதல் உலகப் போருக்குப் பின் மெட்ராஸ் பயனியர்களில் கலந்தது. 1933இல் பயனியர்களும் கலைக்கப்பட்டார்கள்.

மெட்ராஸ் காலாட்படையின் அமைப்பு வரலாறு முழுவதும் இப்படிப்பட்ட அடித்தல் திருத்தல்தான். 1796இல் இரண்டிரண்டு பட்டாலியன்களைச் சேர்த்து ஒரு ரெஜிமெண்ட் ஆக்கினார்கள். 1824இல் மறுபடியும் தனித்தனியாகப் பிரித்தார்கள். 23 என்ற எண் இந்த மாற்றத்தில் வாலாஜாபாத் பட்டாலியனுக்குப் போய்ச் சேர்ந்தது. கிச்சனர் மெட்ராஸ் எண்களோடு 60ஐக் கூட்டியபோது 3 என்றிருந்த பாளையங்கோட்டை லைட் இன்ஃபண்ட்ரி 63 ஆனது. 1922இல் எஞ்சிய பட்டாலியன்கள் 3ஆம் மெட்ராஸ் ரெஜிமெண்ட் என்ற ஒரே பெயரின் கீழ் வந்தன. பாளையங்கோட்டையின் பெயர் அந்தப் பட்டியலில் இல்லை.

சென்னைப் படை சுருங்கியதற்குக் காரணம் ஒரு கொள்கை. 1880களின் தொடக்கத்தில் சென்னைப் படைக்குத் தலைமை தாங்கிய ராபர்ட்ஸ், தென்னாட்டுச் சிப்பாய் போருக்குத் தகுதி இழந்துவிட்டான் என்று முடிவு கட்டினார். வடமேற்கில் சில சாதிகளும் இனங்களுமே போர்க்குடிகள் என்ற கருத்து அரசின் கொள்கையானது. ஆண்டுக்கு ஆண்டு மெட்ராஸ் பட்டாலியன்கள் குறைந்தன. 1928 வாக்கில் நிரந்தரக் காலாட்படையாக 3ஆம் மெட்ராஸ் ரெஜிமெண்ட் இல்லாமலே போனது. 1780இல் தொடங்கிய மெட்ராஸ் சாப்பர்கள் என்ற பொறியியல் படையினர் மட்டும் தப்பினார்கள்.

ஆயுதம் வைத்திருக்கிறார்கள் என்று 1801இல் அஞ்சி, வேல்களைப் பிடுங்கிய அதே ஆட்சி, ஒரு நூற்றாண்டுக்குள் அதே மண்ணின் மக்களுக்குப் போர்க்குணம் இல்லை என்று எழுதியது. இரண்டில் எது பொய் என்பதை இரண்டாம் உலகப் போர் காட்டிக்கொடுத்தது. ஆள் தேவை முற்றிய 1941இல் மெட்ராஸ் ரெஜிமெண்ட் மீண்டும் எழுப்பப்பட்டது. பர்மா முனையில் அதன் வீரர்கள் ஜப்பானியரை எதிர்த்து நின்றார்கள். அதே போரில் மலேயா தோட்டங்களிலிருந்து ஏராளமான தமிழர்கள், ராமநாதபுரம் சீமையிலிருந்து பிழைக்கப் போனவர்களும் அவர்களில் அடக்கம், நேதாஜியின் படையில் சேர்ந்து எதிர்ப்பக்கத்தில் நின்றார்கள்.

வெல்லிங்டனில் பயிற்சி மையம் கொண்டு, சுதந்திரத்துக்குப் பின் வளர்ந்திருக்கும் மெட்ராஸ் ரெஜிமெண்ட் தன் பட்டாலியன்களின் எண் வரிசையைக் கவனமாகக் காத்து வருகிறது. சுபேதார், ஹவில்தார், நாயக் என்ற பதவிப் பெயர்கள் இரண்டரை நூற்றாண்டைத் தாண்டி இன்றும் புழங்குகின்றன. எண்களுக்குள் போன மனிதர்களின் ஊர்க்கணக்குதான் தொகுக்கப்படாமல் கிடக்கிறது. முதல் உலகப் போருக்குப் பின் தமிழகத்தில் சில ஊர்களில் வைத்த கல்வெட்டுகளிலும், இந்த ஊரிலிருந்து இத்தனை பேர் போரிடச் சென்றார்கள், இத்தனை பேர் உயிர்விட்டார்கள் என்று தொகை மட்டும் இருக்கும், பெயர் இருக்காது. எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் சென்னை அரசின் ராணுவத் துறை ஆவணங்கள் இருக்கின்றன. நரிக்குடி, திருச்சுழி, கமுதி வட்டார வீடுகளில் ஓய்வூதியப் புத்தகங்களும் பதக்கங்களும் டிரங்குப் பெட்டிக்குள் இருக்கும். இரண்டையும் சேர்த்து வைத்து, ஊர் ஊராகப் பெயர்ப் பட்டியல் எழுதும் வேலையை இந்த வட்டாரக் கல்லூரிகளின் வரலாற்று மாணவர்கள் கையில் எடுக்கலாம். அமரச் சேர்வைக்காரர்களின் ஊர்களிலிருந்து அதைத் தொடங்கினால், பிரகடனம் துண்டித்த இடத்துக்கு மேலும் கீழும் ஒரே குடும்பங்களைத் தேடிப் பார்க்க வழி பிறக்கும்.