பழைய வீடியோ கேம் பெட்டியும் பத்து வோல்ட் மின்சாரமும்

ஜப்பானின் கியோட்டோ நகரத்து நிண்டெண்டோ நிறுவனம் 1983 ஜூலை 15 அன்று ‘ஃபேமிலி கம்ப்யூட்டர்’ என்ற விளையாட்டுப் பெட்டியை 14,800 யென் விலைக்கு விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதன் வடிவமைப்புக்குத் தலைமை தாங்கியவர் மசாயுகி உஎமுரா. சிவப்பும் வெள்ளையுமான அந்தப் பெட்டியை ஜப்பானியர்கள் செல்லமாக ‘ஃபேமிகாம்’ என்பார்கள். தொண்ணூறுகளில் நம் ஊர்ப் பிள்ளைகள் டிவியில் செருகி மரியோ விளையாடிய கேசட் பெட்டிகள் பலவும் இதைப் பார்த்துச் செய்த நகல்கள்தான்.

ஃபேமிகாம் பழுதானால் நிண்டெண்டோவே சரி செய்து கொடுத்து வந்தது. 2007 அக்டோபர் 31-உடன் அதை நிறுத்திக்கொண்டார்கள். உதிரிபாகங்கள் கிடைக்கவில்லை என்பது அவர்கள் சொன்ன காரணம். அதன் பிறகு இந்தப் பெட்டிகளின் ஆயுள், சால்டரிங் அயர்ன் பிடிக்கத் தெரிந்தவர்களின் கைக்கு வந்துவிட்டது. பணி ஓய்வுக்குப் பின் பொழுதுபோக்காகப் பழைய ரேடியோக்களைத் திறந்து பார்க்கும் என்னைப் போன்றவர்களும் அதில் சேர்த்தி.

ஒசாகாவில் வேலை பார்க்கும் என் அக்கா மகன், சென்ற ஆண்டு விடுமுறைக்கு வந்தபோது அங்கே பழைய சாமான் கடையில் வாங்கிய ஃபேமிகாம் ஒன்றைக் கொண்டுவந்தான். “மாமா, அப்படியே பிளக்குல மாட்டிடலாமா?” என்று கேட்டான். “தொடாதே, முதல்ல அடாப்டர்ல என்ன எழுதியிருக்குன்னு படி” என்றேன்.

அதைப் படித்தாலே பாதி வரலாறு தெரிந்துவிடும். ஜப்பானில் வீட்டு மின்சாரம் 100 வோல்ட், நமக்கு 230. அந்த அடாப்டரை நம் பிளக்கில் நேரடியாக மாட்டினால் உள்ளே இருக்கும் டிரான்ஸ்ஃபார்மர் சூடேறிக் கருகிவிடும். அது வெளியே தருவது 10 வோல்ட் டி.சி., 850 மில்லி ஆம்பியர். பின்னின் நடுவில் மைனஸ், வெளிச்சுற்றில் பிளஸ். நம் கடைகளில் கிடைக்கும் அடாப்டர்கள் பெரும்பாலும் இதற்கு நேர்மாறு. இதே பெட்டி 1985-இல் என்.இ.எஸ். என்ற பெயரில் அமெரிக்கா போனபோது அதற்கு 9 வோல்ட் ஏ.சி. அடாப்டர் கொடுத்தார்கள். ஏ.சி.யை டி.சி. ஆக்கும் ரெக்டிஃபையரைப் பெட்டிக்கு உள்ளேயே வைத்துவிட்டார்கள். ஃபேமிகாமில் அது கிடையாது. அண்ணன் தம்பி என்று நினைத்து ஒன்றின் அடாப்டரை மற்றொன்றில் செருகினால் ஃபேமிகாம் பலியாகலாம்.

உள்ளே வரும் பத்து வோல்ட்டை ஐந்தாகக் குறைப்பது 7805 என்ற மூன்று கால் ரெகுலேட்டர். 1970-ஐ ஒட்டி ராபர்ட் விட்லர் என்ற மேதை வடிவமைத்த எல்.எம்.109-தான் இவ்வகைக்கு முன்னோடி. 7805 எளியது, மலிவானது. ஆனால் மிஞ்சிய வோல்ட்டை அப்படியே சூடாக்கித் தள்ளும். அரை ஆம்பியர் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். பெட்டி உபயோகிப்பது 2.5 வாட். வெறும் சூடாகப் போவதும் 2.5 வாட்.

இந்தச் சூட்டுக்குப் பக்கத்து வீட்டுக்காரர் எலக்ட்ரோலைட்டிக் கெபாசிட்டர். இரண்டு அலுமினியத் தகடுகளுக்கு நடுவில் திரவத்தில் நனைத்த காகிதத்தைச் சுருட்டி, ரப்பர் அடைப்பால் மூடிய சின்ன டப்பா அது. காலப்போக்கில் திரவம் வற்றும். பத்து டிகிரி சூடு கூடினால் ஆயுள் பாதியாகும் என்பது எங்கள் தொழிலில் பழைய கணக்கு. வற்றிவிட்டால் திரையில் பட்டை பட்டையாகக் கோடு ஓடும், ஸ்பீக்கரில் உறுமல் கேட்கும். சேகா நிறுவனம் 1990-இல் வெளியிட்ட ‘கேம் கியர்’ கையடக்கப் பெட்டியில் நிலைமை இன்னும் மோசம். அதன் கெபாசிட்டர்கள் கசிந்து, போர்டின் செம்புத் தடங்களையே அரித்துவிடும். சத்தம் குறைந்து திரை மங்கிய கேம் கியர்கள் உலகம் முழுக்க இருக்கின்றன.

1982-இல் வந்த கமடோர் 64 கதை வேறு. அதன் பவர் சப்ளையை எபாக்ஸி பிசினில் புதைத்து மூடிவிட்டார்கள். பழுது பார்க்க வழியில்லை. அதிலிருக்கும் ரெகுலேட்டர் கெட்டால் ஐந்து வோல்ட்டுக்கு மேல் ஏறி, கம்ப்யூட்டரின் மெமரி சிப்புகளைக் கொன்றுவிடும். அதனால் வோல்ட் ஏறினால் உடனே துண்டிக்கும் சின்னக் காவல் சர்க்யூட்டை ரசிகர்களே செய்து, நடுவில் மாட்டிக்கொள்கிறார்கள்.

இப்போது 7805-க்குப் பதிலாக அதே மூன்று காலில் ஸ்விட்சிங் ரெகுலேட்டர்கள் கிடைக்கின்றன. தொண்ணூறு சதவீதத் திறன் என்றால், மேலே சொன்ன 2.5 வாட் சூடு கால் வாட்டுக்குச் சற்றே அதிகமாகக் குறையும். பக்கத்துக் கெபாசிட்டருக்கும் ஆயுள் கூடும். ஆனால் மட்டமான ஒன்றை வைத்தால் அதன் இரைச்சல் படத்தில் மெல்லிய கோடுகளாகத் தெரியும்.

மருமகனின் பெட்டிக்கு ரிச்சி தெருவில் புதுக் கெபாசிட்டர்கள் வாங்கி மாற்றினேன். 7805 நல்ல நிலையில் இருந்ததால் அதைத் தொடவில்லை. “புதுசாப் போட்டா சூடு குறையுமே மாமா” என்றான். குறையும்தான். ஆனால் நாற்பது வருடம் உழைத்த ஒரு பாகத்தை, அது கெடாதவரை எடுக்க எனக்கு மனம் வராது. கழற்றிய கெபாசிட்டர்களையும் ஓர் உறையில் போட்டு, தேதி எழுதிக் கொடுத்தேன். இனி இதைத் திறப்பவருக்கு முன்பு என்ன இருந்தது என்று தெரிய வேண்டும் அல்லவா?

ஒரு எச்சரிக்கை. பிளேஸ்டேஷன் போன்ற பிற்காலப் பெட்டிகளில் வீட்டு மின்சாரம் நேரே உள்ளே போகிறது. நம் 230 வோல்ட்டில் அதன் பெரிய கெபாசிட்டரில் சுமார் 325 வோல்ட் ஏறி நிற்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் சிறிது நேரம் இருக்கும். பழக்கமில்லாதவர்கள் திறக்கவே வேண்டாம்.

உங்கள் வீட்டுப் பரணிலும் இப்படி ஒரு பெட்டி தூசி படிந்து கிடக்கலாம். பேரப்பிள்ளைகளுக்குக் காட்டும் ஆசையில் உடனே செருகிவிடாதீர்கள். அடாப்டரின் அடியில் உள்ள சின்ன எழுத்தைக் கண்ணாடி போட்டுக்கொண்டு ஒருமுறை படித்துவிடுங்கள்.